உதயகிரிக் கோட்டைக்குள் ஐந்து பேர்: எந்த மென்பொருளை வாங்குவது?

வாசகர் கேள்வி:

ஐயா, நான் தக்கலையில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாக நாங்கள் ஐந்து பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டேபிள்டாப் ஆர்பிஜி (ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம்) ஆடி வந்தோம். அந்த வகையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளைச் சுருக்கி, கதையை மார்த்தாண்ட வர்மா காலத்துத் திருவிதாங்கூரில் வைத்திருக்கிறோம். கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான். இப்போது ஒருவர் துபாய்க்குப் போய்விட்டார். இன்னொருவருக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. குலசேகரத்து நண்பரிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. ரப்பர் தோட்டத்து நடுவில் வீடு, சிக்னல் சுமார். என் தங்கை என்னோடு இருக்கிறாள். என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். ஆளுக்கு 600 ரூபாய் போட்டு 3,000 ரூபாய் சேர்த்திருக்கிறோம். இணையம் வழியாக ஆடுவதற்கு டெக்னோபார்க் நண்பர் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளை வாங்கச் சொல்கிறார். துபாய் நண்பர் ரோல்20 என்ற இணையதளம் போதும் என்கிறார். என் குறிப்புகளோ மூன்று நோட்டுப் புத்தகங்களிலும் வாட்ஸ்அப்பிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. எதை வாங்கினால் எங்கள் ஆட்டம் பழையபடி நடக்கும்?

பதில்:

அன்புள்ள தம்பி,

ஃபவுண்ட்ரியா ரோல்20-ஆ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பதிலால் உங்களுக்குப் பயன் இல்லை. ஆறு மாதம் கழித்து யாராவது மூன்றாவது பெயர் ஒன்றைச் சொல்வார், நீங்கள் மறுபடியும் இதே குழப்பத்தில் நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் கடைகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் மென்பொருள் தேர்ந்து கொடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நானும் உங்களைப் போல ஒரு குழுவுக்குக் கதை நடத்துகிறவன். தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. விற்பனையாளர் வந்து காட்டும்போது எந்த மென்பொருளும் முதலாளியின் அறையில், முதலாளியின் கணினியில் அருமையாக ஓடும். கிட்டங்கியில் பழைய கணினியோடு மல்லுக்கட்டும் பையனிடம் அது ஓடுகிறதா என்று அன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை. மூன்று மாதத்தில் அந்தப் பையன் மறுபடியும் காகிதத்தில் எழுத ஆரம்பிப்பான். வாங்கியது வீணாகிவிடும்.

உங்கள் குழுவில் அந்தப் பையனின் இடத்தில் இருப்பவர் குலசேகரத்து நண்பர். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எதைத் தேர்ந்தாலும் அதை முதலில் அவருடைய கைப்பேசியில், அவர் வீட்டுத் திண்ணையில், மழை பெய்யும் ஒரு மாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டெக்னோபார்க் நண்பரின் அகலத் திரையில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

அடுத்து, நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கதையை ஒழுங்காக வைத்துக்கொள்வது ஒரு வேலை. ஆட்டத்தை நடத்துவது வேறு வேலை. முதலாவது நீங்கள் தனியாக, வாரம் முழுக்கச் செய்வது. இரண்டாவது ஐந்து பேரும் சேர்ந்து மூன்று மணி நேரம் செய்வது. இரண்டையும் ஒரே மென்பொருளில் அடைக்க முயலும்போதுதான் சிக்கல் வருகிறது. உங்கள் ஆட்டம் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் நண்பர்கள் ஊர் மாறியது. மீதிப் பாதி அந்த மூன்று நோட்டுப் புத்தகங்கள் என்று நினைக்கிறேன். ஃபவுண்ட்ரி, ரோல்20 போல இணையத்தில் ஆட உதவும் எந்த மெய்நிகர் மேசையை வாங்கினாலும் அந்தப் பாதி தீராது.

எனவே குறிப்புகளிலிருந்து தொடங்குகிறேன்.

ஆப்சிடியன் என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் அது உங்கள் கணினியில் ஒரு கோப்புறைக்குள் சாதாரண எழுத்துக் கோப்பாக வைக்கிறது. நாளைக்கே அந்தச் செயலி இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். உங்கள் 4 ஜிபி லேப்டாப்பிலும் ஓடும், கைப்பேசியிலும் கிடைக்கும். வேர்ல்ட் அன்வில், கான்கா என்று கதையுலகத்தைத் தொகுப்பதற்கென்றே இணையத்தில் நல்ல சேவைகள் இருக்கின்றன. பலர் சேர்ந்து எழுதும் குழுக்களுக்கு அவை பொருந்தும். உங்கள் கதையில் எழுதுகிறவர் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் சேர்ந்து ஆடுகிறவர்கள்.

கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கூகுள் பிளஸ் நினைவிருக்கிறதா? உலகம் முழுவதும் ஏராளமான ஆர்பிஜி குழுக்கள் அங்கே கூடி, அங்கேயே எழுதி, அங்கேயே ஆடின. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான அந்தச் சேவை மூடப்பட்டது. நகல் எடுத்து வைக்காதவர்கள் எழுதியதெல்லாம் அதோடு போயிற்று. மூடியதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கடை ஓடவில்லை, சாத்திவிட்டார்கள். நான்கு ஆண்டுக் கதையை இன்னொருவர் கடைக்குள் மட்டும் வைத்திருக்காதீர்கள்.

நான்கு கோப்புறைகள் போதும்: ஆட்கள், இடங்கள், நடந்தவை, விதிகள். ஒரு குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். உதயகிரிக் கோட்டை வாசலில் ஒரு காவலன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஒரு கோப்பு. முதல் வரியில் அவனுக்கு என்ன வேண்டும்: குளச்சல் போரில் காணாமல் போன அண்ணனைப் பற்றிய செய்தி. இரண்டாம் வரியில் அவனுக்கு என்ன தெரியும்: இரவில் கொல்லுப்பட்டறைக்கு வண்டிகள் வரும் வழி. மூன்றாம் வரியில் கடைசியாக எப்போது வந்தான்: பதினேழாம் ஆட்டத்தில், தங்கையின் கதாபாத்திரத்திடம் ஒரு வெள்ளிக் காசு வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். அவன் பிறந்த கதை, வளர்ந்த கதை எல்லாம் எழுதத் தேவையில்லை. ஆட்டத்தின் நடுவில் உங்களுக்குக் கிடைப்பது பத்து விநாடி. அதற்குள் படித்து முடிக்கிற அளவுதான் ஒரு குறிப்பின் அளவு.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் ஆட்டத்தை நடத்துகிற யாரும் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஒரு குறிப்பிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுக்க ஆப்சிடியனில் பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். நம் மொழியில் பெயர் அப்படியே நிற்பதில்லை. பத்மநாபபுரம் என்று கோப்புக்குப் பெயர் வைப்பீர்கள். எழுதும்போது பத்மநாபபுரத்தில், பத்மநாபபுரத்துக்கு, பத்மநாபபுரத்து என்றுதான் வரும். அடைப்புக்குள் முதலில் கோப்பின் பெயரையும், ஒரு செங்குத்துக் கோட்டுக்குப் பிறகு வாக்கியத்தில் வேண்டிய வடிவத்தையும் எழுதினால் இரண்டும் பொருந்திவிடும். தேடும்போதும் முழுப் பெயரைத் தட்டாமல் ‘பத்மநாபபுர’ என்பதோடு நிறுத்துங்கள். எல்லா வேற்றுமை வடிவங்களும் வந்து விழும். குளச்சல் என்றும் கொளச்சல் என்றும் மாற்றி மாற்றி எழுதும் பழக்கம் இருந்தால், ஒரே கோப்புக்கு மாற்றுப் பெயர்களைச் சேர்க்கும் வசதியும் அதில் இருக்கிறது.

பழைய குறிப்புகளில் ஏதாவது டிடிபி கடையில் தட்டியதாக இருந்தால் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் திரையில் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. யூனிகோடாக மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு மாலை வேலை. மூன்று நோட்டுகளையும் முழுக்கத் தட்டெழுத வேண்டும் என்று மலைக்காதீர்கள். அடுத்த இரண்டு ஆட்டங்களில் வரப்போகிற ஆட்களையும் இடங்களையும் மட்டும் ஏற்றுங்கள். மற்றவை தேவைப்படும் அன்றைக்கு வரட்டும்.

மாதம் ஒருமுறை அந்தக் கோப்புறையை அப்படியே ஒரு பென்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் நகலெடுத்துவிடுங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். மெய்நிகர் மேசை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவை எல்லாம் ஒரே வகை இல்லை. சில, விதிகள் தெரிந்த மேசைகள். யார் எவ்வளவு அடி வாங்கினார், எந்த மந்திரம் எத்தனை முறை மீதி, எல்லாவற்றையும் அவையே கணக்கு வைக்கும். ஃபேன்டசி கிரவுண்ட்ஸ், ரோல்20, ஃபவுண்ட்ரி மூன்றும் இந்த வகை. வேறு சில, வெறும் பலகைகள். படம் வைக்கலாம், காய் நகர்த்தலாம், இருட்டைப் போட்டு மறைக்கலாம். விதி எதுவும் அவற்றுக்குத் தெரியாது.

நீங்கள் ஐந்தாம் பதிப்பின் விதிகளைச் சுருக்கி ஆடுகிறீர்கள். விதி தெரிந்த மேசைக்கு உங்கள் சுருக்கம் தெரியாது. புத்தகத்து விதிதான் தெரியும். நீங்கள் நீக்கிய விதியை அது ஒவ்வொரு முறையும் நினைவூட்டும். சேர்த்த விதியை அதற்குக் கற்றுக்கொடுக்க நீங்கள் நிரல் எழுத வேண்டிவரும். உங்களைப் போன்ற குழுவுக்குப் பலகைதான் பொருத்தம். கணக்கை உங்கள் ஐந்து பேருடைய தலையும் ஒரு காகிதமும் பார்த்துக்கொள்ளும், நான்கு ஆண்டுகளாக மாடியில் பார்த்துக்கொண்டதைப் போலவே.

பலகைகளில் நான் பரிந்துரைப்பது அவுல்பேர் ரோடியோ. உலாவியிலேயே திறக்கும். அதில் பதிவுசெய்து கணக்குத் தொடங்க வேண்டியவர் நீங்கள் மட்டும். மற்றவர்களுக்கு ஒரு இணைப்பை அனுப்பினால், தட்டி உள்ளே வந்துவிடலாம். கைப்பேசித் திரையில் விரலால் நகர்த்தவும் முடியும். இலவசமாகத் தரும் இடமும் அறைகளும் அளவானவைதான். ஒரு கதையை நடத்தும் குழுவுக்கு அது தாராளம்.

ரோல்20 பற்றித் துபாய் நண்பர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2012 முதல் இருப்பது, இலவசமாகத் தொடங்கலாம், நிறுவ எதுவும் இல்லை. புத்தகத்து விதிப்படி ஆடும் குழு, எல்லோரிடமும் லேப்டாப் என்றால் நானே அதைச் சொல்வேன். அது கணினித் திரைக்காக வடிவமைக்கப்பட்டது. கைப்பேசி உலாவியில் குலசேகரத்து நண்பர் திண்டாடுவார். அங்கே எழுதிச் சேர்த்ததை முழுமையாக வெளியே எடுத்து வேறு மேசைக்குக் கொண்டுபோவதும் எளிதில் முடிகிற காரியம் இல்லை.

ஃபவுண்ட்ரியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நல்ல மென்பொருள். 2020-இல் வந்தது. ஒருமுறை 50 டாலர் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. கேம் மாஸ்டர் மட்டும் வாங்கினால் போதும், ஆடுகிறவர்கள் உலாவி வழியாக வரலாம். எல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். நான் மேலே சொன்ன ‘கோப்பு உங்கள் கையில்’ என்ற கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை. வசதி இருந்தால் வாங்குங்கள் என்று மனதாரச் சொல்வேன். உங்கள் நிலையில் மூன்று தடைகள் இருக்கின்றன.

முதல் தடை பணம். 50 டாலர் என்பது 4,000 ரூபாயைத் தாண்டிவிடும். நீங்கள் சேர்த்தது 3,000. இரண்டாவது, கைப்பேசி. சிறிய திரையை அது முறைப்படி ஆதரிப்பதில்லை. மூன்றாவது தடைதான் டெக்னோபார்க் நண்பருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. ஃபவுண்ட்ரியை ஓட்டினால் உங்கள் லேப்டாப்பே சர்வர் ஆகிறது. வெளியூர் நண்பர்கள் மூவரும் இணையத்தின் வழியாக உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வர வேண்டும். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் அந்தக் கதவுக்குத் தனி எண் கிடையாது. ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் நூறு வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து வெளியே ஒரே கதவு எண் என்று கற்பனை செய்யுங்கள். உள்ளிருந்து வெளியே கடிதம் போடலாம். வெளியிலிருந்து வரும் தபால்காரருக்கு எந்த வீடு என்று தெரியாது. இதைத்தான் சிஜிநேட் என்பார்கள்.

உங்கள் இணைப்பு அப்படிப்பட்டதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்புற ஐபி முகவரி என்று அது காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூகுளில் உங்கள் ஐபி என்னவென்று தேடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குத் தனிக் கதவு எண் இருக்கிறது. வேறு வேறாக இருந்து, ரவுட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சிஜிநேட்தான். அப்போது தனி ஐபிக்குக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது ஃபவுண்ட்ரியை வாடகை சர்வரில் வைக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் செலவு 50 டாலரோடு நிற்காது. உங்கள் 4 ஜிபி லேப்டாப் சர்வராகவும் உங்கள் திரையாகவும் ஒரே நேரத்தில் இருக்க மூச்சு வாங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது படங்கள். எந்த மேசையாக இருந்தாலும் குலசேகரத்து நண்பருக்கு ஆட்டம் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். இணையம் வழியாக முதன்முதலில் நான் கதை நடத்தியபோது, அழகான ஒரு வரைபடத்தை அப்படியே ஏற்றினேன். 12 எம்பி. ஆரல்வாய்மொழியிலிருந்து கைப்பேசியில் ஆடியவருக்கு அது மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வந்தது. காடு தெரிந்தது, ஆறு தெரிந்தது, பாலம் வருவதற்குள் மற்றவர்கள் பாலத்தைக் கடந்து சண்டையையே முடித்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் மூன்று மணி நேரம் பெரும்பாலும் மௌனமாகவே இருந்தார். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் தங்கை கோட்டையைக் காகிதத்தில் வரைந்தால் பகலில் ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஐந்தாம் பதிப்பில் ஒரு கட்டம் ஐந்தடி. ஒரு வரைபடத்துக்கு அகலத்தில் 30 கட்டம், உயரத்தில் 20 கட்டம் போதும். ஒரு கட்டத்துக்கு 70 பிக்சல் என்று வைத்தால் படம் 2100-க்கு 1400 பிக்சல். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் அந்த அளவுக்குச் சுருக்கி, வெப்பி (WebP) வடிவில், தரம் 75 என்று வைத்துச் சேமியுங்கள். கேமரா தந்த நான்கைந்து எம்பி, அரை எம்பி அளவுக்கு வந்துவிடும். கோடுகள் அப்படியே இருக்கும். 30 கட்டம் என்றால் 150 அடிதான். உதயகிரி முழுவதும் அதில் அடங்காது. அடங்க வேண்டியதும் இல்லை. வாசல், அதை ஒட்டிய மதில், கொல்லுப்பட்டறை, மார்த்தாண்ட வர்மாவின் தளபதியான டி லனாயின் வீடு என்று தனித்தனித் துண்டுகளாக வரையச் சொல்லுங்கள். சண்டை நடக்கும் இடத்துக்கு மட்டும் வரைபடம் போதும். மற்ற இடங்களை நீங்கள் வாயால் சொல்லுங்கள். மாடியில் அப்படித்தானே சொன்னீர்கள்? கோட்டை இருக்கும் புலியூர்க்குறிச்சி உங்களுக்குப் பக்கம்தான். ஒரு ஞாயிறு காலையில் தங்கையோடு கோட்டைக்குள் நடந்து பார்த்துவிட்டு வந்தால், எந்த வரைபடச் செயலியும் தராத ஒன்று அந்தப் படத்தில் வந்துவிடும்.

குரல். இது வரைபடத்தைவிட முக்கியம். படம் போனால் ஆட்டம் நடக்கும், குரல் போனால் நின்றுவிடும். துபாயில் வாட்ஸ்அப் குரல் அழைப்பு வேலை செய்யாது என்பது அங்கே நம்மவர்கள் உள்ள எல்லா வீட்டுக்கும் தெரிந்த செய்தி. ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவை அங்கே அனுமதிக்கப்பட்டவை. ஆர்பிஜி ஆடுகிறவர்கள் பெரும்பாலும் குழுவாகப் பேச உதவும் டிஸ்கார்ட் செயலியைப் பயன்படுத்துகிறார்கள்; அது துபாய் நண்பரின் இணைப்பில் ஓடுகிறதா என்று ஆட்டத்துக்கு முந்தைய நாளே பேசிப் பாருங்கள். ஓடாவிட்டால் ஜூம். இலவச ஜூம் 40 நிமிடத்தில் துண்டித்துவிடும் என்று கவலைப்பட வேண்டாம். நானே அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்கிறேன். 40 நிமிடம் ஒரு காட்சி. துண்டித்ததும் எல்லோரும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடியும் வருவார்கள். மூன்று மணி நேரத்தில் இப்படி மூன்று நான்கு காட்சிகள். கதை இழுபடாமல் நடக்க இது உண்மையிலேயே உதவுகிறது.

வீடியோ வேண்டாம். டிஸ்கார்டின் வழக்கமான தரமான 64 கிலோபிட் வேகத்தில் குரல் மட்டும் போனால் ஒரு திசைக்கு மணிக்கு 29 எம்பிதான் செலவாகும். குலசேகரத்து சிக்னலுக்கு அது தாங்கும். முகங்களையும் சேர்த்தால் தாங்காது.

நீங்களும் தங்கையும் ஒரே அறையில் இருப்பீர்கள். இருவரும் தனித்தனியாக அழைப்பில் சேர்ந்தால் எதிரொலி கிளம்பும். ஒரே கருவி, ஒரே மைக், இருவருக்கும் நடுவில். தங்கை வரைபடத்தை வேறு கைப்பேசியில் பார்க்கட்டும், அதில் ஒலி முழுவதும் அணைந்திருக்கட்டும்.

பகடையை மென்பொருளிடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதில் என்னோடு உடன்படாதவர்கள் நிறையப் பேர் உண்டு. நான்கு ஆண்டுகள் ஒன்றாக ஆடியவர்களிடையே நம்பிக்கை பற்றிய கேள்வி எழ வாய்ப்பில்லை. அவரவர் வீட்டில் அவரவர் இருபது முகப் பகடையை உருட்டி எண்ணைச் சொல்லட்டும். தாயக்கட்டை உருளும் சத்தத்துக்கே வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். துபாய் அறையில் தனியாக இருக்கும் உங்கள் நண்பருக்குக் கையில் அந்தப் பகடை இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று அவரையே கேட்டுப் பாருங்கள். இங்கிருந்து ஒரு செட் வாங்கி, அடுத்து ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

கதாபாத்திரத் தாளுக்குக் கூகுள் ஷீட்ஸ். ஒரே கோப்பு, ஆளுக்கு ஒரு பக்கம். தமிழில் நிரப்ப வேண்டிய பிடிஎஃப் படிவங்களில் எழுத்து உடைந்துபோவதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். ஷீட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ஐந்தாம் பதிப்பில் திறன் எண்ணிலிருந்து பத்தைக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழுமையாக்கினால், பகடை எண்ணோடு கூட்ட வேண்டிய கூட்டு எண் வந்துவிடும். வலிமை 15 என்றால் கூட்டு எண் 2. அந்தச் சூத்திரத்தை ஒருமுறை எழுதி எல்லாப் பக்கங்களுக்கும் நகலெடுங்கள். குலசேகரத்து நண்பரின் கைப்பேசியில் அந்தக் கோப்பை ஆஃப்லைனிலும் திறக்கும்படி குறித்து வையுங்கள். சிக்னல் போனாலும் தாள் அவர் கையில் இருக்கும்.

உங்கள் சுருக்க விதிகளைத் தமிழில் ஒழுங்காக எழுதி மற்றவர்களுக்கும் கொடுக்க ஆசை இருந்தால், தயங்காமல் செய்யலாம். 2023 ஜனவரியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் தன் பழைய திறந்த உரிமத்தை மாற்ற முயன்றபோது ஆட்டக்காரர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் முடிவில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ அந்த நிறுவனம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. மூலத்தை முறைப்படி குறிப்பிட்டால் அந்தத் தொகுப்பை யாரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், வெளியிடலாம். தொகுப்புக்கு வெளியே விற்பனைப் புத்தகங்களில் மட்டும் இருப்பவற்றை எடுக்காதீர்கள்.

நாள் குறிப்பதற்கு எந்தச் செயலியும் தேவையில்லை. வாராவாரம் வாட்ஸ்அப்பில் எப்போது வசதி என்று கேட்கும் குழுக்கள் நாளடைவில் கலைந்துவிடுகின்றன. ஒரு கிழமையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு எட்டரை இங்கே என்றால் துபாயில் ஏழு. திங்கள் அதிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டிய டெக்னோபார்க் நண்பருக்கு அது கஷ்டம் என்றால் சனிக்கிழமை. ஆடுகிறவர் நால்வரில் மூவர் வந்தால் ஆட்டம் உண்டு என்று ஒரு விதி. வராதவரின் கதாபாத்திரம் அன்றைக்குச் சத்திரத்தில் காய்ச்சலோடு படுத்திருக்கட்டும்.

பணத்தை என்ன செய்வது? மென்பொருளுக்கு மூன்று மாதம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். குலசேகரத்து நண்பருக்கு மைக் வைத்த, கம்பியுள்ள ஒரு நல்ல ஹெட்செட். உங்கள் ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி இடிமழையில் மாலை நேரத்தில் மின்சாரம் போவது உங்களுக்குத் தெரியாததா? லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, ரவுட்டரில் இல்லை. கடைக்குப் போகும்போது ரவுட்டரின் அடாப்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும், முனையும் பொருந்த வேண்டும். பெரும்பாலானவை 12 வோல்ட். ஆனால் எல்லாமே அப்படி இருப்பதில்லை. இவை இரண்டுக்கும் பகடைக்கும் போக மிஞ்சுவதை அப்படியே வையுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு, எல்லோரிடமும் லேப்டாப் வந்து, புத்தகத்து விதிகளை முழுதாக ஆடும் ஆசையும் வந்து, உங்களுக்கும் சர்வரோடு மெனக்கெடுவதில் விருப்பம் இருந்தால் ஃபவுண்ட்ரியைப் பற்றி மறுபடியும் பேசலாம். கதை முழுக்க உங்கள் கோப்புறையில் இருப்பதால் மேசை மாறும்போது எதையும் இழக்கமாட்டீர்கள்.

முதல் மூன்று ஆட்டங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். தங்கையிடம் ஒரு காகிதம் கொடுத்து, குலசேகரத்து நண்பர் ஒவ்வொரு முறை ‘கேட்கவில்லை’ அல்லது ‘தெரியவில்லை’ என்று சொல்லும்போதும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அப்போது திரையில் எந்தப் படம் இருந்தது என்பதையும் பக்கத்தில் குறிக்கட்டும். அந்தக் காகிதத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.